அடுத்த புத்தகம் வரும்வரை

ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன இடம். மயானத்திலிருந்து உயிர் தப்பி வந்த ஹாரி, நடந்ததையெல்லாம் டம்பிள்டோரிடம் சொல்கிறான். தன் ரத்தத்தை எடுத்துத்தான் வோல்டெமார்ட் புது உடம்பு பெற்றான் என்று அவன் சொல்லும்போது, அந்தக் கிழவரின் கண்ணில் ஒரு கணம் வெற்றிக் களை போல ஏதோ தெரிகிறது. சரியாகப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது. களைத்துப்போன கிழவராகவே உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் விளக்கம் கிடையாது. எதிரி பலம் பெற்றுவிட்டான் என்ற செய்தியைக் கேட்டு நல்லவர் ஒருவர் ஏன் உள்ளூர மகிழ வேண்டும்?

விடை 2007 ஜூலை 21 அன்று, ஏழாம் புத்தகத்தில் கிடைத்தது. ஹாரியின் ரத்தத்தில் அவன் தாய் உயிரைக் கொடுத்து ஏற்படுத்திய காப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்ட வோல்டெமார்ட், காப்பையும் சேர்த்தே உயிரோடு வைத்திருந்தான். அவன் இருக்கும்வரை ஹாரிக்கு உலகத்தோடு ஒரு கட்டு இருந்தது. நடுவில் கழிந்தவை ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டும் அந்த ஒற்றை வரியை விடாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் விடைக்கு மிக அருகில் போய்விட்டார்கள்.

அவர்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். முடிவுகளை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் புத்தகங்களை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வரலாம்.

*

ஊகம் செய்கிற வாசகர்களைக் கண்டால் சிலருக்கு இளக்காரம். கதையை ரசிக்காமல் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார்கள் என்பார்கள். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு வரியை ஆண்டுக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவனைவிடக் கவனமான வாசகன் யார்? அவன் செய்யும் வேலைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எழுதியவர் இதைச் சும்மா எழுதியிருக்க மாட்டார். ஒரு எழுத்தாளருக்கு வாசகன் தரக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

*

லாக்கெட் கதையை முழுதாக எழுதி வைக்க வேண்டும். இப்படியொரு கூட்டுத் துப்பறிதல் இலக்கியத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

ஆறாம் புத்தகம் 2005 ஜூலை 16 அன்று வந்தது. டம்பிள்டோரும் ஹாரியும் கடலோரக் குகைக்குள் போய், விஷம் நிரம்பிய தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு லாக்கெட்டை எடுத்து வருகிறார்கள். டம்பிள்டோர் அன்றிரவே இறந்துபோகிறார். பிறகு திறந்து பார்த்தால் லாக்கெட் போலி. நிஜ லாக்கெட்டைத் திருடியவன் உள்ளே ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறான். கையெழுத்து மூன்று எழுத்து: ஆர்.ஏ.பி. அவன் யார் என்று சொல்லாமலேயே புத்தகம் முடிகிறது.

வாசகர்கள் உடனே ஐந்தாம் புத்தகத்துக்குத் திரும்பினார்கள். அங்கே ஒரு பழைய வீட்டின் சுவரில் ப்ளாக் குடும்பத்தின் வம்சாவளி தொங்குகிறது. சிரியஸ் ப்ளாக் தன் தம்பி ரெகுலஸைப் பற்றிச் சொல்கிறான்: வோல்டெமார்ட்டின் ஆளாகச் சேர்ந்தான், பாதியில் பயந்து விலகப் பார்த்தான், கொல்லப்பட்டான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பொருந்துகின்றன. அதோடு அவர்கள் நிற்கவில்லை. அதே அத்தியாயத்தில் எல்லோரும் அந்த வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். அலமாரியிலிருந்து எடுத்து வீசும் சாமான்களின் பட்டியல் நடுவே, யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட். ஒரு வரிகூட முழுசாக இல்லை. 2003-ல் படித்த எவருக்கும் அங்கே நிற்கக் காரணம் இருந்ததில்லை. 2005-ல் திரும்பி வந்தவர்களுக்கு அந்த அரை வரி புத்தகத்தின் மையமாகிவிட்டது.

அதற்கு மேலும் போனார்கள். அந்த வீட்டு வேலைக்காரக் குட்டிப்பிசாசு க்ரீச்சர், வீசப்பட்ட சாமான்களை எடுத்துப் பதுக்குகிறது என்று ஐந்தாம் புத்தகத்திலேயே இருக்கிறது. மண்டங்கஸ் என்ற திருடன் சிரியஸின் வீட்டுச் சாமானை விற்கக் கொண்டுபோகும்போது ஹாரியிடம் பிடிபடுவது ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆக லாக்கெட் க்ரீச்சரிடம் இருக்கலாம், அல்லது மண்டங்கஸ் கைக்குப் போயிருக்கலாம். ஏழாம் புத்தகத்தில் நடந்ததும் இதேதான்: க்ரீச்சரிடமிருந்து மண்டங்கஸ், மண்டங்கஸிடமிருந்து அம்ப்ரிட்ஜ்.

ஆறாம் புத்தகம் வெளியான நாளிலேயே ரசிகர்கள் இருவரை, மெலிசா அனெல்லியையும் எமர்சன் ஸ்பார்ட்ஸையும், எடின்பரோவுக்கு வரவழைத்து ரௌலிங் பேட்டி கொடுத்தார். ஆர்.ஏ.பி. என்பது ரெகுலஸ்தானா என்று கேட்டதற்கு, நல்ல ஊகம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். ரகசியம் வெளியானது வேறு வழியில். டச்சு மொழிபெயர்ப்பில் ப்ளாக் குடும்பத்தின் பெயர் ஸ்வார்ட்ஸ், அந்த எழுத்து அங்கே 'இசட்'. நார்வே மொழியில் ஸ்வார்ட், 'எஸ்'. அந்த நாடுகளில் ஆறாம் புத்தகம் வந்தபோது சீட்டின் கையெழுத்தில் கடைசி எழுத்து அதற்கேற்ப மாறியிருந்தது. எழுத்தாளர் வாயைத் திறக்காமல் இருக்கலாம், மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியில்லை. உலகத்தின் ஒரு மூலையில் இருந்த வாசகன் தன் மொழிப் பிரதியைத் திறந்து பார்த்து இன்னொரு மூலைக்குச் சொன்னான்.

*

எல்லா வரியும் துப்பு ஆகாது. மார்க் எவன்ஸ் விஷயம் அப்படி.

ஐந்தாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், டட்லி அடித்த ஒரு பத்து வயதுப் பையனின் பெயர் மார்க் எவன்ஸ் என்று வருகிறது. அதே புத்தகத்தில் பிற்பாடு, ஹாரியின் தாய் லில்லியின் பிறந்தவீட்டுப் பெயரும் எவன்ஸ் என்று தெரிகிறது. விட்டுவிடுவார்களா? தாய் வழி உறவுக்காரன், அடுத்த ஆண்டு ஹாக்வர்ட்ஸுக்கு வரப்போகிற மாயப் பையன் என்று பெரிய கோட்டையே கட்டினார்கள். 2004-ல் ரௌலிங் முன்வந்து மன்னிப்புக் கேட்டார். மார்க் எவன்ஸ் யாருமில்லை, அது ஊரில் சாதாரணமாக வழங்கும் பெயர், அவ்வளவுதான் என்றார். அந்த மன்னிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் வாசகர்கள் ஒரு பெயரைக்கூடக் கீழே விடாமல் ஏந்துகிறார்கள் என்பதை ஓர் எழுத்தாளர் உணர்ந்த தருணம் அது.

ரான்தான் காலத்தில் பின்னோக்கிப் போய் டம்பிள்டோர் ஆனான் என்று இன்னொரு தியரி. முதல் புத்தகத்துச் சதுரங்க ஆட்டத்திலிருந்து முளைத்தது. தவறு. ஆனால் அதை நிறுவச் சேர்த்த ஆதாரங்களைப் படித்தால், ரானைப் பற்றி நாம் கவனிக்காத பத்து விஷயம் தெரியவரும்.

*

2004 ஆகஸ்டில் எடின்பரோ புத்தக விழாவில் ரௌலிங் ஒரு காரியம் செய்தார். யாரும் தன்னிடம் கேட்காத இரண்டு கேள்விகளை அவரே வாசகர்களிடம் கொடுத்தார். ஹாரி ஏன் பிழைத்தான் என்று கேட்கிறீர்கள், வோல்டெமார்ட் ஏன் சாகவில்லை என்று கேளுங்கள் என்றார். ஐந்தாம் புத்தகத்தின் இறுதிச் சண்டையில் டம்பிள்டோர் அவனைக் கொல்ல ஏன் முயலவில்லை என்பது இரண்டாவது.

பதில் எதையும் சொல்லாமலே ஒரு வாசகக் கூட்டத்தைச் சரியான திசையில் திருப்பிவிட முடியும் என்பதை அன்று பார்த்தோம். அடுத்த புத்தகத்தில் ஹார்க்ரக்ஸ் வந்தது: உயிரைத் துண்டு துண்டாக்கிப் பொருள்களுக்குள் ஒளித்துவைக்கும் வித்தை. வோல்டெமார்ட் சாகாததன் காரணம் விளங்கியது. அங்கிருந்து ஒரே எட்டில் வாசகர்கள் அடுத்த இடத்துக்குப் போனார்கள். ஹாரியின் நெற்றித் தழும்புக்குள்ளும் ஒரு துண்டு இருந்தால்? அந்த ஊகம் சரி. அந்த ஊகத்தோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு ஹாரி சாகப் போகிறான் என்ற பயமும் கூடவே இருந்தது.

*

2005-க்கும் 2007-க்கும் நடுவில் எல்லாக் கேள்விக்கும் மேலே நின்ற கேள்வி ஸ்னேப். டம்பிள்டோரைக் கொன்றவன் அவன். வஞ்சகனா, உத்தரவுக்குக் கட்டுப்பட்டவனா?

அமெரிக்காவில் இதற்காகவே ஒரு புத்தகம் வந்தது. இரு பக்கமும் முன்னட்டை. இந்தப் பக்கமிருந்து படித்தால் ஸ்னேப் நல்லவன் என்ற வாதம், தலைகீழாகத் திருப்பினால் கெட்டவன் என்ற வாதம். ஏழாம் பாகத்தில் என்ன நடக்கும் என்று ரசிகர்களே எழுதி 2006-ல் வெளியிட்ட வேறொரு புத்தகம் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது.

நல்லவன் கட்சிக்காரர்கள் எடுத்துவைத்த ஆதாரங்களில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று. குகைக்குள் டம்பிள்டோரின் கட்டளைப்படி ஹாரி அவருக்கு விஷத்தைப் புகட்டுகிறான். அவர் கெஞ்சக் கெஞ்சப் புகட்டுகிறான். அப்போது தன்மீதே அவனுக்கு வெறுப்பும் அருவருப்பும். ஒரே ஓர் அத்தியாயம் தள்ளி, கோபுரத்தின் மேல் டம்பிள்டோர் கெஞ்சும்போது ஸ்னேப்பின் முகத்தில் வெறுப்பும் அருவருப்பும். அதே இரண்டு உணர்ச்சிகள். முதலாவது இடத்தில் அதன் பொருள் நமக்குத் தெரியும், இரண்டாவதிலும் அதுவாகவே ஏன் இருக்கக் கூடாது? இது நல்ல விமர்சகர்கள் செய்யும் வேலை. இதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள்.

இன்னொன்று ஐந்தாம் புத்தகத்தில். பெட்டூனியா சித்திக்கு... இல்லை, அவள் லில்லியின் அக்கா, பெரியம்மா. அந்தப் பெட்டூனியாவுக்கு டிமென்டர்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது. எப்படி என்றால், பல வருஷங்களுக்கு முன் ஒரு மோசமான பையன் தன் தங்கையிடம் சொன்னதைக் கேட்டாளாம். அவன் ஹாரியின் அப்பா ஜேம்ஸ் என்றே ஹாரி நினைத்தான், நாமும் நினைத்தோம். அது ஸ்னேப். லில்லியைச் சிறுவயதிலிருந்தே அறிந்த ஸ்னேப், அவளை விடாமல் நேசித்த ஸ்னேப். ஏழாம் புத்தகத்தின் முழு இதயமும் ஐந்தாம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியமாக உட்கார்ந்திருந்தது.

2006 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஸ்டீபன் கிங், ஜான் இர்விங், ரௌலிங் மூவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஹாரியைக் கொன்றுவிடாதீர்கள் என்று மற்ற இருவரும் ரௌலிங்கைக் கேட்டுக்கொண்டார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து சல்மான் ருஷ்டி தன் மகனோடு எழுந்து நின்று ஸ்னேப்பைப் பற்றிக் கேட்டார்: ஸ்னேப் நல்லவன், ஆகவே டம்பிள்டோரின் சாவு ஒரு நாடகம் என்பது அவர்கள் தியரி. டம்பிள்டோர் இறந்தது இறந்ததுதான் என்று ரௌலிங் சொன்னார். புக்கர் வாங்கிய நாவலாசிரியரும் ஒரு சிறுவனும் ஒரே கேள்வியோடு, ஒரே ஆவலோடு நின்ற அந்தக் காட்சியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

*

ரௌலிங் மீது எனக்கு ஒரு குறை உண்டு. ஏழாம் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கும் அந்த மூன்று மாயப் பொருள்கள், மூன்று சகோதரர்களின் கதை, எல்டர் மரக் கோல், இதையெல்லாம் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வழியும் இல்லை. மாய அங்கி மட்டும் முதல் புத்தகத்திலிருந்தே இருந்தது. கோலின் கதைக்கு முந்தைய ஆறு புத்தகங்களில் வாசகன் பிடித்து ஏறக்கூடிய படி எதுவும் போடப்படவில்லை. ஸ்னேப்பின் ரகசியம் வெளிப்படும்போது மயிர்க்கூச்செறிகிறது. கோலின் உரிமை யாருக்கு என்ற விளக்கம் வரும்போது தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போகிறோம். ஊகிக்க இடம் தந்த திருப்பத்துக்கும் தராத திருப்பத்துக்கும் உள்ள தூரம் இது. முன்பே யூகித்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

*

அஸ்மோடியனைக் கொன்றது யார்?

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் ஐந்தாம் புத்தகம் 1993-ல் வந்தது. அதன் முடிவில் அஸ்மோடியன் என்பவன் அரண்மனையில் ஒயின் தேடிப் போகிறான். ஒரு கதவைத் திறக்கிறான். எதிரே நிற்பவரை அடையாளம் கண்டு திடுக்கிடுகிறான். செத்துவிடுகிறான். யார் நின்றது என்று ஜோர்டன் சொல்லவில்லை. பிறகு கேட்டவர்களிடமெல்லாம், கவனித்துப் படித்தால் விளங்கும், வெளிப்படையாகவே இருக்கிறது என்ற பொருளில்தான் சொல்லிவந்தார். மற்ற கேள்விகளுக்கு அவருடைய வழக்கமான பதில், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது.

அந்த வெளிப்படையான விஷயத்தில் வாசகர்கள் எத்தனையோ பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்திருக்க முடியும், யாருக்கு என்ன பகை என்று அட்டவணையே போட்டார்கள். விடை 2010-ல், பதின்மூன்றாம் புத்தகத்தில் அச்சானது. கதைக்குள் அல்ல, பின்னால் உள்ள பெயர் அகராதியில், கிரேண்டல் என்ற பெயருக்கு நேரே. பதினேழு ஆண்டு கழித்து, ஒரு துணை வாக்கியத்தில்.

ஏமாற்றமாக இருந்தது என்றவர்கள் உண்டு. எனக்கு அது ஓர் உயிலைப் படிப்பது போல இருந்தது. ஏனென்றால் அந்த வரி அச்சாகும்போது ஜோர்டன் இல்லை. அமிலாய்டோசிஸ் என்ற நோய் இருப்பதாக 2006-ல் அவரே வாசகர்களுக்குச் சொன்னார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். கடைசி மாதங்களில் கதையின் மீதிப் போக்கைக் குடும்பத்தாரிடம் சொல்லி வைத்தார், குறிப்புகள் விட்டுப்போனார், இறுதிக் காட்சியைத் தானே எழுதியிருந்தார். அவர் மனைவி ஹாரியட் மக்டூகல்தான் தொடக்கத்திலிருந்து அவருடைய பதிப்பாசிரியர். அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். சாண்டர்சன் மூன்று புத்தகங்களாக எழுதி 2013 ஜனவரியில் வரிசையை முடித்தார். முதல் புத்தகம் 1990-ல் வந்தது. சாண்டர்சனும் சிறுவயதிலிருந்து அந்த வரிசையின் வாசகர், அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர்.

*

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் முதல் புத்தகம் 1996, ஐந்தாவது 2011 ஜூலை. ஆறாவதான 'தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்' இன்னும் வரவில்லை.

முதல் புத்தகம் வந்த ஓரிரு ஆண்டிலேயே வாசகர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஜான் ஸ்னோ, நெட் ஸ்டார்க்கின் மகன் அல்ல. நெட்டின் தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன். ஆதாரங்கள் சிதறிக் கிடக்கின்றன. லியானா இறக்கும் அறையில் ரத்த வாடையும் ரோஜா வாசனையும். அவள் அண்ணனிடம் வாங்கிய சத்தியம். போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைத் தாண்டிப் போய் லியானாவின் மடியில் வைத்த நீல ரோஜா மகுடம். இரண்டாம் புத்தகத்தில் டெனேரிஸ் காணும் காட்சி ஒன்றில், பனிச்சுவரின் விரிசலிலிருந்து ஒரு நீலப் பூ எட்டிப் பார்க்கிறது. பனிச்சுவரில் காவல் நிற்பவன் ஜான். நீல ரோஜா லியானாவின் அடையாளம். இரண்டையும் கோத்துவிட்டால் போதும்.

2006-ல் தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் உரிமை கேட்டு வந்த பெனியாஃபையும் வைஸையும் மார்ட்டின் கேட்ட கேள்வி இதுதான்: ஜான் ஸ்னோவின் தாய் யார்? சரியாகச் சொன்னார்கள், உரிமை கிடைத்தது. வாசகனின் ஊகம் தேர்வுத்தாளாக மாறிய இடம் அது.

வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காகக் கதையை மாற்றலாமா? மார்ட்டினுக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது. மாற்றினால் ஆண்டுக்கணக்கில் விதைத்த துப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும், அதனால் மாட்டேன் என்று 2014-ல் எடின்பரோவில் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். உன்னிப்பாகப் படித்தவனுக்கு நீ சரியாகப் படித்தாய் என்று புத்தகம் சொல்ல வேண்டும். படிக்காதவனை அதிர வைப்பதற்காகப் படித்தவனை ஏமாற்றக் கூடாது.

தன் கதை தனக்கே மாறிப்போவது வேறு விஷயம். 1993-ல் தன் முகவருக்கு அவர் எழுதிய கடிதம் 2015-ல் வெளியே வந்தது. அதில் மொத்தமே மூன்று புத்தகங்கள்தான். ஜெய்மி லானிஸ்டர் குறுக்கே நிற்பவர்களைக் கொன்று அரியணை ஏறுகிறான். ஜானும் ஆர்யாவும் காதலிக்கிறார்கள். இன்றைய கதையில் இவற்றின் சாயலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எழுத்தாளர்களில் கட்டடக்காரர், தோட்டக்காரர் என்று இரண்டு வகை, தான் தோட்டக்காரர் என்பார் மார்ட்டின். அந்தக் கடிதத்தையும் புத்தகங்களையும் சேர்த்துப் படித்தால் அது விளங்கும்.

*

மார்ட்டினின் வாசகர்கள் கண்டெடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது கருப்பு டிராகன் பலகை.

ஐந்தாம் புத்தகத்தில் ஓர் இளைஞன் வருகிறான். குழந்தையாக இருந்தபோதே கொல்லப்பட்டதாக எல்லோரும் நம்பும் இளவரசன் ஏகான் தானே என்கிறான். டார்கேரியன் வம்சம், சிவப்பு டிராகன் கொடி. கடல் தாண்டிப் படையோடு வந்து இறங்குகிறான். உண்மையில் அவன் ப்ளாக்ஃபயர் கிளையைச் சேர்ந்தவன், அதாவது ஒரு காலத்தில் கலகம் செய்து தோற்ற, கருப்பு டிராகன் கொடி பிடித்த கிளையின் வாரிசு என்பது வாசகர்களின் தியரி. அவனோடு வரும் கோல்டன் கம்பெனி, ப்ளாக்ஃபயர்களுக்காகவே தொடங்கப்பட்ட கூலிப்படை.

இப்போது நான்காம் புத்தகம். போரில் சீரழிந்த கிராமங்கள் வழியே போகும்போது, ஊர் ஊராகச் சுற்றும் சாமியார் ஒருவர் பழைய சத்திரம் ஒன்றின் கதையைச் சொல்கிறார். வாசலில் இரும்பில் செய்த கருப்பு டிராகன் தொங்கியதாம். கலகக்காரர்களின் சின்னம் என்று அந்தப் பகுதிப் பிரபு அதை வெட்டித் துண்டாக்கி ஆற்றில் எறிந்துவிட்டார். பல காலம் கழித்து அதன் ஒரு தலை ஒரு தீவில் கரை ஒதுங்கியது. அதற்குள் துருவேறிச் சிவப்பாகிவிட்டிருந்தது.

தண்ணீரில் தூக்கி எறியப்பட்ட கருப்பு டிராகன், தண்ணீர் வழியே சிவப்பாகத் திரும்பி வருகிறது. சத்திரத்துப் பழங்கதை என்று கடந்துபோன ஒரு பத்தி, அடுத்த புத்தகத்தின் அரசியலையே சொல்லி முடித்துவிட்டிருக்கிறது. முதலில் இதைக் கண்டவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். தொலைக்காட்சித் தொடர் அந்த இளைஞனைச் சேர்க்கவே இல்லை. ஆகவே இந்த ஊகத்துக்கான விடை இன்னும் புத்தகத்திடம் மட்டுமே இருக்கிறது.

*

தொடர் 2016-ல் புத்தகங்களைத் தாண்டிப் போனது. அதற்கு முன் ஆறாம் புத்தகத்தை முடித்துவிட முயன்றதாகவும், முடியவில்லை என்றும், 2016 ஜனவரியில் மார்ட்டின் எழுதினார். தன்மீதே அவருக்கு இருந்த வருத்தம் அதில் தெரிந்தது. ஜான் உயிர்த்தெழுவதைத் திரையில் பார்த்தோம். ஆனால் ஐந்தாம் புத்தகத்தின் முன்னுரை அத்தியாயத்தில் வராமிர் என்பவன் சாகும்போது அவன் உயிர் ஓர் ஓநாய்க்குள் போவதை மார்ட்டின் விரிவாக எழுதியிருக்கிறார். புத்தகம் முடியும்போது கத்திக்குத்துப் பட்டு விழும் ஜானின் வாயில் கடைசியாக வருவது அவனுடைய ஓநாயின் பெயர். முதல் அத்தியாயத்தில் வழிமுறையைச் சொல்லிவிட்டு, முடிவில் அதற்கான இடத்தைக் காட்டியிருக்கிறார். ஜான் திரும்பி வருவதற்குள் ஓநாயின் உடம்பில் சில காலம் இருப்பான், வந்த பிறகு பழைய ஜானாக இருக்க மாட்டான். திரையில் இது கிடையாது. புத்தகம் வந்தால்தான் கிடைக்கும்.

*

காத்திருப்பு நீண்டால் அன்பு கசந்து அதட்டலாகிறது. எப்போது முடிப்பாய், வேறு வேலை ஏன் செய்கிறாய், விளையாட்டுப் பந்தயம் ஏன் பார்க்கிறாய் என்று மார்ட்டினைக் கேட்டார்கள். எழுத்தாளர் வாசகனிடம் கூலிக்கு வேலை செய்பவர் அல்ல என்று 2009-லேயே நீல் கெய்மன் கடுமையாக எழுதினார். நான் கெய்மன் பக்கம். வாசகன் முதல் புத்தகத்துக்குக் கொடுத்த காசு முதல் புத்தகத்துக்கானது. ஜோர்டன் கதையை நினைவூட்டி, செத்துப்போவதற்குள் முடித்துவிடு என்று உயிரோடு இருக்கும் மனிதரிடம் சொல்வது அநாகரிகம். அதை ஊகத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஊகிக்கிறவன் கையில் இருக்கும் புத்தகத்துக்குத் திரும்புகிறான், அதட்டுகிறவன் அதை மூடி வைத்துவிட்டான்.

*

என் கணிப்பையும் எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் புத்தகம் முடியும்போது ஸ்டானிஸ் பராத்தியன் வின்டர்ஃபெல்லுக்கு எட்டாமல் பனிப்புயலில் மாட்டிக்கொண்டிருக்கிறான். பாழடைந்த ஒரு குடியானவர் கிராமம். இரண்டு ஏரிகள், இரண்டும் உறைந்துபோனவை. பசியில் வாடும் வீரர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். துளைகள் கூடிக்கொண்டே போகின்றன, பனிக்கட்டி உடைந்து ஆட்கள் முழுகியதும் சொல்லப்படுகிறது. ஏரிக்குள் ஒரு தீவு, அதில் வீர்வுட் மரம். அவர்களைத் தாக்க ஃப்ரே குடும்பத்தின் குதிரைப்படை வருகிறது. அந்தப் பிரதேசம் அவர்களுக்குப் பழக்கமில்லை, கண்ணை மறைக்கும் பனி.

அதே புத்தகத்தில், சம்பந்தமே இல்லாதது போல, டாவோஸ் ஒரு தீவில் போய் இறங்குகிறான். அந்தத் தீவுக்காரர்கள் ஒரு காலத்தில் பொய் விளக்கு காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டுக் கொள்ளையடித்தவர்கள். டாவோஸ் ஸ்டானிஸின் வலது கை, கடத்தல்காரனாக இருந்தவன். அவன் அறிந்த தந்திரம் அவன் அரசனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஸ்டானிஸ் கிராமத்தின் காவல்கோபுர விளக்கை அணைப்பான், ஏரித் தீவில் தீ மூட்டுவான், ஒளியைக் குறிவைத்துப் பாய்ந்துவரும் ஃப்ரேக்களின் கனத்த குதிரைகள் துளை விழுந்த பனிக்கட்டியின் மேல் ஏறும் என்று வாசகர்கள் கட்டிய தியரி இது. மார்ட்டின் 2011 முடிவில் வெளியிட்ட மாதிரி அத்தியாயத்தில் ஸ்டானிஸ் தோற்கப் போகிறவனைப் போலப் பேசவில்லை.

இதற்கு எதிராக இருப்பது ஜானுக்கு வந்த கடிதம். ஸ்டானிஸின் படை ஏழு நாள் போரில் நசுக்கப்பட்டது, அவன் செத்தான் என்று வின்டர்ஃபெல்லில் இருக்கும் பகைவன் ராம்சேயின் கையெழுத்தோடு அது சொல்கிறது. அதை எழுதியவன் நம்பித்தான் எழுதினானா, நம்ப வைக்கப்பட்டானா, வேறு யாராவது எழுதினார்களா என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஸ்டானிஸ் தன் சாவுச் செய்தியைத் தானே அனுப்பி வைத்துப் பகைவன் கோட்டையின் கதவைத் திறக்க வைப்பான் என்கிறேன் நான். ஏரி விஷயத்தில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. மீன் பிடித்த துளைகளை அத்தனை முறை சொல்லிவிட்டு மார்ட்டின் அவற்றைச் சும்மா விடமாட்டார்.